அம்மாவைக் கொடுத்தவள்

மே 4

அன்பான அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? என் வாயாடி மகள் உன் உயிரை எடுக்கிறாளா?

விமானத்தில் அடைத்த காது இன்னும் திறக்கவில்லை. இங்கே பேசுகிற மொழியும் எனக்குத் தெரியாது. காதும் இல்லை, மொழியும் இல்லை, இப்படிப்பட்டவளை எதற்கு ஊழியத்துக்கு அழைத்தீர் என்று நேற்று ஜெபத்தில் கேட்டே விட்டேன்.

இது ஒரு விடுதிப் பள்ளி. நீளமான ஓட்டுக் கட்டடம். ஒரு பாதியில் வகுப்பறைகள், மறு பாதியில் இரும்புக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒரு தகரப் பெட்டி. எங்கள் குழுவுக்கு மஞ்சள் சட்டை கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் முற்றத்தில் வரிசையாக நின்றால் பள்ளிக்கூட வேன்களை நிறுத்தி வைத்ததுபோல் இருக்கிறது. நீ தைத்துக் கொடுத்த துணிப்பைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். உடனே அதைத் தலையில் தொப்பியாகப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் நாளே ஒரு சங்கதி நடந்தது. பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் முடிந்ததும் டீம் லீடர் அண்ணன் ஜெபிக்க எழுந்தார். "கண்ணை மூடுங்கள்" என்று அவர் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் கண்ணை மூடிவிட்டார்கள். "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்பதற்கு முன்பே எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன. அண்ணன் அழுதுவிட்டார். நானும் அழுதேன். ஆனால் அழும்போதே எனக்கு ஏதோ இடித்தது. கேள்வி வருவதற்கு முன் பதில் எப்படி வந்தது?

நாளை சாப்பாட்டு அறைச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கப் போகிறோம். இருக்கிற நீலமே நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே போன் அலுவலகத்தில் மட்டும்தான், அதுவும் அவசரத்துக்கு. காய்கறி லாரி போகும்போது கடிதம் கொடுத்துவிடலாம். மூன்று வாரம்தானே, ஓடிவிடும்.

நீ ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற கட்சி, அதனால் எங்களை அனுப்பிவைத்த ஆராதனையை நீ பார்க்கவில்லை. பாஸ்டர் எங்களை முன்னால் நிறுத்திவிட்டுக் குடும்பத்தாரைப் பார்த்து, "அந்தப் பிள்ளைகளுக்காக இவர்களைக் கர்த்தருக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். என் மகள் எல்லாரையும் முந்திக்கொண்டு, "நான் எங்கம்மாவைக் குடுக்கிறேன்!" என்று கத்தினாள். சபையே கை தட்டியது. எட்டு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு! விமான நிலையத்தில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தரையில் புரண்டு அழுதார்கள். இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பாஸ்டர் அதையும் மெச்சினார். எனக்குத்தான், சொன்னால் சிரிப்பாய், கொஞ்சம் அழுதிருக்கலாமே என்று இருந்தது.

அவளை ஒரு வரி எழுதச் சொல்.

உன் தங்கை

•

மே 15

அருமைத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். என் முதுகுவலியும் அவர் இருமலும் இடம் மாறிக்கொண்டன, இப்போது எனக்கு இருமல், அவருக்கு முதுகுவலி. உன் காது திறந்ததா? கொட்டாவி விட்டுப் பார். பிரசங்கம் நடக்கும்போது அது தானாக வரும்.

இது சீருடை சீசன் என்று உனக்குத் தெரியும். தையல் கடையில் கால் வைக்க இடமில்லை. வெட்டுகிற மேஜை, இஸ்திரி மேஜை, நாற்காலி எல்லாவற்றிலும் நீலப் பாவாடைகள். பட்டன் தைக்கிற பெண் வேறு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள்.

உன் மகளைப் பற்றிக் கவலைப்படாதே. அவள் என்னமோ தங்கக் கட்டியாகிவிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள். ஒரு பிடிவாதம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. உன் அத்தான்கூட, "இது நம்ம வாயாடிதானா, இல்ல விமான நிலையத்துல மாத்திட்டாங்களா?" என்று கேட்டார். கடையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறாள். எனக்குப் பெரிய உதவி.

கடிதம் எழுதச் சொன்னேன். பிறகு எழுதுகிறேன் என்று தலையை ஆட்டினாள். பிள்ளைகள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள். பெயின்ட் வாசம் உனக்கு ஆகாது.

உன் அக்கா

•

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம், காதும் திறந்துவிட்டது. உன் இருமலுக்கு வெந்நீர் குடி. அத்தான் குனிந்து எதையும் தூக்க வேண்டாம்.

கடிதத்தின் நடுவில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது வரவில்லை. ஆகஸ்ட் கடைசிவரை இருக்கப்போகிறேன். உன்னைக் கேட்காமல் முடிவு செய்தது தப்புதான். உன் பதில் வருவதற்குள் விமானம் போய்விடும், என்ன செய்ய?

இங்கே ஒரு பெண் இருக்கிறாள். பத்து வயது இருக்கும். வந்த நாளிலிருந்து என் கையை விடவில்லை. புல்வெளியில் நடந்தால் பாவாடையில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி. ஒட்டுப்புல் என்று பெயர் வைத்துவிட்டேன். நான் பெயின்ட் அடித்தால் டப்பாவைப் பிடிப்பாள், நான் பல் தேய்த்தால் பக்கத்தில் நிற்பாள். இங்குள்ள டீச்சரம்மாவுக்கு நம் மொழி தெரியும், முன்பு வேலைக்குப் போன இடத்தில் கற்றுக்கொண்டாராம். அவர் மூலமாகத்தான் பேசுகிறோம். தினமும் ஒரே கேள்வி கேட்பாள். "நீங்க திரும்பி வருவீங்களா?" நானும், வருவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கள் குழுவில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வழியனுப்பும் நாளில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள் பார், என் மஞ்சள் சட்டை நனைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து விடுதித் தலைவி வந்து, ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறார், யாராவது ஒருவர் இருக்க முடியுமா என்று கேட்டார். என் வாய் சரி என்று சொல்லிவிட்டது. நான் சொன்னேனா, கர்த்தர் சொல்ல வைத்தாரா, அந்தப் பிள்ளையின் அழுகை சொல்ல வைத்ததா, எனக்கே தெரியவில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே. என் பிள்ளை உன்னிடம் நன்றாகத்தானே வளர்கிறாள்? அவள் அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அவள் சத்தம்தான். நானில்லாமல் கஷ்டப்படுவாள் என்று பயந்துகொண்டே வந்தேன். நீ எழுதியதைப் பார்த்தால் அவள் பாட்டுக்கு இருக்கிறாள். அது நல்லதுதானே?

திட்டி ஒரு கடிதம் போடு. தாங்கிக்கொள்கிறேன்.

தங்கை

•

ஜூன் 5

அக்காவுக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லாததால் பயந்து எழுதுகிறேன். கோபமா? இல்லை, யாருக்காவது உடம்பு சரியில்லையா?

குழு போன பிறகு இந்த இடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பாட்டு இல்லை, படம் எடுப்பவர் இல்லை. காலையில் மணி அடித்தால் கஞ்சி, பிறகு வாய்ப்பாடு. நான் கணக்கும் தையலும் எடுக்கிறேன். பிள்ளைகள் ஒழுங்காக உட்காருவதில்லை, பின்வரிசை என்னைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்கிறது. விருந்தாளியாக இருந்தவரை நான் சொன்னதெல்லாம் வேதவாக்கு. இப்போது "வாயை மூடுங்க" என்று நாலு தரம் கத்த வேண்டியிருக்கிறது.

மஞ்சள் சுவரில் ஒரு மூலை உரிந்துவிட்டது. அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் ரோஜா நிறம், அதற்கும் அடியில் பச்சை. டீச்சரம்மாவிடம் காட்டினேன். "ஒவ்வொரு குழுவும் அடிக்கும்மா. வந்தவங்களுக்கு ஏதாவது வேலை குடுக்கணும்ல?" என்றார்.

இன்னொரு விஷயம். ஒட்டுப்புல் என் பக்கம் வருவதில்லை. தூரத்தில் நின்று பார்க்கிறாள். கூப்பிட்டால் ஓடிவிடுகிறாள். அவளுக்காகத்தானே இருந்தேன். நான் என்ன தப்பு செய்தேன்?

வாயாடி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? அவள் கிறுக்கினாலும் பரவாயில்லை.

தங்கை

•

ஜூன் 11

தங்கைக்கு,

உன் மே மாதக் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

திட்டச் சொன்னாய். உட்கார்ந்து நல்லதாக நாலு வார்த்தை யோசித்தேன், அதற்குள் சீருடை வாங்க ஆள் வந்துவிட்டது. அதனால் பிழைத்தாய். ஊரார் பிள்ளை பழமொழியை என்னிடம் விடாதே. தன் பிள்ளை தானே வளரும் என்பது சரி. என்னவாக வளர்கிறது என்று பக்கத்தில் யாராவது பார்க்க வேண்டாமா?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பிள்ளையால் எங்களுக்கு ஒரு பாரமும் இல்லை. ராத்திரி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். உன் அத்தான் அவளுக்காக ஒரு சின்ன நாற்காலி செய்திருக்கிறார், ஒரு கால் குட்டை, ஆனாலும் நாற்காலி. நீ இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வா.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "வகுப்புல வாயே திறக்கிறதில்லையே, போன வருஷம் இவளைப் பேசாம இருக்க வைக்கத்தானே பாடுபட்டோம்?" என்றார். புது வகுப்பு, பழகிவிடுவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடிதத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். "அம்மாவுக்கு எழுதுடி" என்றேன். "கூடாது" என்றாள். "ஏன் கூடாது?" என்றால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, எழுதக் கூடாது என்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ எதற்காவது அவளைக் கண்டித்துவிட்டுப் போனாயா?

அக்கா

•

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஜெபம் என்றுதான் சொல்ல வேண்டும், முழங்காலில் நின்றால் வார்த்தை வருவதில்லை.

"எங்கள் பிள்ளை" என்று எழுதியிருந்தாய். இரண்டு தரம் படித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் பிள்ளையும்தான்.

நான் அவளைக் கண்டிக்கவில்லை. கூடாது என்றால் என்ன அர்த்தம்? நான் அவளுக்கு வேண்டாம் என்றா? கொடுத்துவிட்டேன் என்று சபை முன்னால் சொன்னது அவளுக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததா? அப்பா போனபோது அம்மாதான் எல்லாம் என்று என்னை ஒட்டிக்கொண்டவள். அன்றைக்கு விமான நிலையத்தில் என்னை யாரோ போலப் பார்த்தாளே, அந்தப் பார்வைதான் இன்னமும் கண்ணில் நிற்கிறது. உண்மையைச் சொன்னால், ஒட்டுப்புல் அழுததால் மட்டும் நான் இங்கே தங்கவில்லை. என் பிள்ளை அழாததாலும்தான். யாராவது ஒரு பிள்ளைக்கு நான் வேண்டும் என்று இருந்தது.

அதிலும் மண் விழுந்தது. போன வாரம் புதுக் குழு ஒன்று வந்தது, பச்சைச் சட்டை. முதல் நாளே ஒட்டுப்புல் ஒரு பச்சைச் சட்டைப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். டப்பா பிடித்தாள். "நீங்க திரும்பி வருவீங்களா?" என்று கேட்டாள். நேற்று அவர்கள் கிளம்பும்போது அதே மாதிரி இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்று காலை இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. டீச்சரம்மாவிடம் போய், "இந்தப் பிள்ளை நடிக்கிறாளா?" என்று கேட்டேன்.

"நடிப்பு இல்லம்மா. போறவங்களுக்கு அழணும். அழலேன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்? இவ்வளவு தூரம் வந்திருக்காங்களே."

"அப்ப என்கிட்ட ஏன் வர மாட்டேங்கிறா?"

"நீங்க போகலையே. போறவங்ககிட்ட எப்படி இருக்கணும்னு அவளுக்குத் தெரியும். போகாம நிக்கிறவங்களை என்ன பண்றதுன்னு யார் சொல்லிக் குடுத்தா?"

அக்கா, அழுகிற பிள்ளை ஒன்று, அழாத பிள்ளை ஒன்று. இரண்டும் எனக்குப் புரியவில்லை. ஞாயிறு பள்ளியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

தங்கை

•

ஜூலை 14

தங்கைக்கு,

எல்லாரும் சுகம். இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

நேற்று கடைக்கு, பேங்கில் வேலை பார்க்கிற அம்மா வந்தார். போன வாரம் மகளுக்குப் பாவாடை தைக்கத் துணி கொடுத்திருந்தார், நான் இன்னும் வெட்டவில்லை. "மனசு மாறிடுச்சு, அந்தத் துணியைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். நான் எழுந்து தேடினேன். உன் மகள் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். இத்தனை நாள் வாய் திறக்காதவள், பேங்க் அம்மாவின் முகத்துக்கு நேராக, "குடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாது" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு. "ஏன் பாப்பா?"

"கேட்டா குடுத்ததே இல்லைன்னு ஆயிடும். கர்த்தர் வருத்தப்படுவார்."

"பாவாடைத் துணிக்கு எல்லாம் அவர் வருத்தப்பட மாட்டார்" என்று சொல்லிவிட்டு அவர் துணியை வாங்கிக்கொண்டு போனார். இவள் வாசலில் நின்று, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அவங்க கேட்டாங்க, நீங்க கோவிச்சுக்கல."

"எதுக்குடி கோவிச்சுக்கணும்? அவங்க துணிதானே?"

கையிலிருந்த பட்டன்களை மேஜைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப எங்கம்மாவைக் கேக்கலாமா?"

அவ்வளவுதான். அதன்பிறகு அழுதாளே ஒரு அழுகை. பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

நீ மறந்திருப்பாய். போன வருஷம் உங்கள் சபையில், பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பொம்மையை ஏழைப் பிள்ளைகளுக்காக மேஜையில் வைக்கிற நாள் ஒன்று வந்தது. இவள் துணிப்பொம்மையை வைத்தாள். மறுநாள் அது வேண்டும் என்று அழுதாள். நீ அவளை மறுபடி கூட்டிக்கொண்டு போய், அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்தி, கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாய். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது கர்த்தரை ஏமாற்றுவது என்று சொன்னாய். என்னிடம் நீயே பெருமையாகச் சொன்னாய். நானும் சரிதான் என்று தலையாட்டினேன்.

இப்போது புரிகிறதா? பாஸ்டர் கேட்டார், இவள் கொடுத்தாள். எல்லாரையும் முந்திக்கொண்டு கொடுத்தாள், ஏனென்றால் முதலில் கொடுப்பவளை நீ மெச்சுவாய். சபை கை தட்டியபோதுதான் என்ன கொடுத்தோம் என்று தெரிந்ததாம். அதற்குள் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில் வருவாய் என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. பெரியம்மாவுக்குச் சபை விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டாளாம். அதுவும் நியாயம்தான்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினா வான்னு எழுதிடுவேன்." ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "பேசினா வாய் தவறி வந்துடும்."

அடி பாவி, இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு உனக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான் அதை நல்ல பிள்ளைத்தனம் என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அமைதி எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. தையல் மெஷினில் தலையை வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

அக்கா

•

ஜூலை 25

என் கண்ணு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுத வரவில்லை. நீ சாப்பிட்டாயா?

நீ கேட்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். கத்திக் கேட்கலாம். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். பொம்மை விஷயத்தில் அம்மா சொன்னது தப்பு. அம்மாவுக்குத் தெரியாததை, தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. நீ என்னைக் கொடுக்கவே இல்லை. நீ சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் நான் கிளம்பியிருப்பேன். போனது நான்தான்.

டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அம்மா

பி.கு. அக்கா, பெரியவர்களுக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. நேரில் வந்து உன் வாயால் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

•

ஆகஸ்ட் 6

தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை அவள் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். பேச ஆரம்பித்துவிட்டாள், இரண்டு மாதக் கணக்கையும் சேர்த்துப் பேசுகிறாள். உன் அத்தான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்.

ஆனால் உனக்கு எழுத மாட்டாளாம். "அந்தப் பிள்ளைங்களுக்குத்தானே குடுத்தேன்? அப்ப அவங்ககிட்டதான் கேக்கணும்" என்று ஒரே பிடி. இதோ இணைத்திருக்கிறேன். நான் ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை. அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் நீ கிளம்பக் கூடாது என்பது உத்தரவு.

அக்கா

•

பேர் தெரியாத அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? எங்கம்மா உங்களை ஒட்டுப்புல்லுன்னு எழுதுவாங்க. அது உங்க பேர் இல்லைன்னு பெரியம்மா சொன்னாங்க. கோவிச்சுக்காதீங்க. எனக்கும் வாயாடின்னுதான் பேர் வச்சிருக்காங்க.

எங்கம்மாவை உங்களுக்குக் குடுத்தது நான்தான். அன்னைக்கு சந்தோஷமாத்தான் குடுத்தேன். இப்ப எனக்கு வேணும். குடுத்ததைக் கேக்கறது தப்புன்னு நினைச்சேன், தப்பு இல்லையாம். வெட்டாத துணியைத் திருப்பிக் குடுக்கலாமாம்.

எங்கம்மாவைத் திருப்பிக் குடுப்பீங்களா? உங்களுக்கும் ரொம்ப வேணும்னா பாதி வருஷம் நீங்க வச்சுக்குங்க, பாதி வருஷம் நான். எனக்கு எது முதல் பாதின்னாலும் சரி. இல்லை, முதல் பாதி எனக்கு.

இப்படிக்கு,
அவங்க மகள்

•

ஆகஸ்ட் 20

அக்காவுக்கும் என் கண்ணுக்கும்,

சுகம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ, நான் இதற்கு முன்னால் வருவேனோ, தெரியாது. கையிலேயே கொண்டு வரலாம். ஆனால் பதிலைத் தபாலில்தான் போட வேண்டும் என்கிறாள், நான் ஒட்டுப்புல் என்று எழுதினேனே, அவள். டீச்சரம்மா வகுப்பில் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். பிறகு அவள் சொல்லச் சொல்ல, டீச்சரம்மா நம் மொழியில் எனக்குச் சொன்னார், நான் எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் அது என் கை.

*

தங்கச்சிக்கு,

நான் சுகம். நீ சுகமா? உன் பெரியம்மா முதுகு சுகமா? இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உன் அம்மா சொன்னார்.

உன் கடிதத்தை எல்லாரும் கேட்டோம். இங்கே நிறையப் பேர் வருவார்கள், போவார்கள். எடுத்துக்கொள்ளட்டுமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அதனால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பின்வரிசைப் பையன்கள் கொடுக்க வேண்டாம் என்றார்கள், உன் அம்மா நன்றாகப் பந்து போடுவார் என்றார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதே.

நான் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். உன் அம்மாவை நீ எடுத்துக்கொள். அவர் தலை பின்னினால் வலிக்கும், அது உனக்குத் தெரிந்திருக்கும். கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது கத்துவார். ஆனால் கத்திய பிறகு கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லிக் கொடுப்பார்.

பாதி வருஷம் வேண்டாம். வருகிற அன்றைக்கே போகிற நாளை எண்ண ஆரம்பித்துவிடுவோம். முழுசாக வைத்துக்கொள்.

எனக்கும் அம்மா இருக்கிறார். வேறொரு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அந்த வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வேலை. அந்தப் பிள்ளையின் படம் என்னிடம் இருக்கிறது, உன் வயதுதான் இருக்கும். நான் என் அம்மாவைக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெரியாமல் கொடுத்திருப்பேனோ என்னவோ.

யாரிடம் கேட்பது என்று இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

உன் அம்மா எழுதாமல் நிறுத்திவிட்டார். டீச்சர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது மறுபடி எழுதுகிறார்.

உன் கடிதத்தை உன் அம்மாவோடு திருப்பி அனுப்பவில்லை. அது எனக்கு வேண்டும். அதைப் பார்த்துத்தான் நான் எழுதப் போகிறேன். பேர்களை மட்டும் மாற்றினால் போதும்தானே?

அக்கா